நுரைத்தீவுக்கு ஒரு காலண்டர்

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் புது வேலை. தமிழ்த் தேதி, நட்சத்திரம், ராகு காலம் எதையும் இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. சிவகாசியில் பதினேழு வருடம் தினசரி காலண்டர் தாளுக்கு அதையெல்லாம் கோத்துக் கோத்துக் கண் பூத்துப் போயிற்று.

போன தை மாதம் அச்சகத்தில் என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். ஒரு ஜவுளிக்கடைக்கு அடித்த நாற்பதாயிரம் காலண்டரில் ஆடி ஒன்பதாம் தேதிக்குச் சுபமுகூர்த்தம் என்று ஏறிவிட்டது. ஆடியில் முகூர்த்தம்! ஊரே சிரித்தது. மெய்ப்புப் பார்த்த சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கண்ணுக்குத் தப்பிய பிழை அது. அவரையும் அனுப்பினார்கள், கூடவே என்னையும். அதைப் பற்றி இனி எழுத மாட்டேன்.

புது வேலை மதுரையில் ஹேமலதா என்ற பெண் நடத்தும் 'கைவிளக்கு' இணையதளத்தில். வீடியோ கேம் ஆடுகிறவர்கள் நடுவழியில் திணறினால் வந்து பார்த்துக்கொள்ள வழிகாட்டி போடுகிறார்கள். எழுத ஆள் இருக்கிறதாம். எழுதியதை அழகாக, தேடியது சட்டென்று கையில் கிடைக்கிற மாதிரி அமைக்கத்தான் ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே செய்யலாம். இரண்டு மாதம் சோதனை, ஒரே ஒரு வழிகாட்டி. அது நன்றாக வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கும்பிடு.

நான் வீடியோ கேம் ஆடியதே இல்லை என்று ஹேமலதாவிடம் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

ஜூன் 4, புதன்

கேமின் பெயர் நுரைத்தீவு. புதுச்சேரியில் நாலு பேர் சேர்ந்து செய்தது, ஜூலை 4 அன்று வெளியாகிறது. ஒரு தீவில் பாழடைந்த வீட்டோடு நம்மை இறக்கிவிடுகிறார்கள். பயிர் வைக்க வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களோடு பழக வேண்டும். ஒரு பருவத்துக்கு இருபத்தெட்டு நாள், நாலு பருவம், ஆக நூற்றுப் பன்னிரண்டு நாள் தீவில் ஒரு வருடம். தீவின் ஒரு நாள் நமக்கு அரைமணி நேரம்.

எழுதுகிறவர் பிரிட்டோ, தூத்துக்குடிக்காரர். முன்கூட்டியே கொடுத்த பிரதியை ஆடிப் பார்த்து நாற்பத்தாறு பக்கம் அனுப்பியிருக்கிறார். மீன் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை, எதன் செதிள் என்ன நிறம் என்பது வரைக்கும் இருக்கிறது. எனக்குப் படிக்கப் படிக்கத் தூக்கம் வந்தது. போனில் கேட்டேன், இதில் எது முக்கியம் என்று. எல்லாமே முக்கியம் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"யக்கா, ஒண்ணே ஒண்ணு மட்டும் தப்பவே கூடாது. வெள்ளித் திருக்கை. வருஷத்துல ஒரே ஒரு ராத்திரி தெக்கு மணல்திட்டுக்கு வரும். அதத் தொட்டாத்தான் கலங்கரை விளக்கு எரியும். கதையே அங்கதான் கெடக்கு."

மூன்றாம் பருவம், நான்காம் நாள், இரவு ஒரு மணி. குறித்துக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

சரக்கு என்னவென்று தெரியாமல் பக்கம் அமைக்கக் கூடாது. அதற்காக மட்டும் கேமைத் திறந்தேன்.

முதல் நாளே கடலில் இறங்கி மயங்கி விழுந்தேன். இரண்டாம் நாள் ஆடு வாங்கப் போனால் கடை விடுமுறை. மூன்றாம் நாள் தக்காளி நட்டேன், பருவம் தப்பிக் கருகிவிட்டது. இது மூன்றுக்கும் பிரிட்டோ பதில் எழுதித்தான் வைத்திருக்கிறார். ஒன்று மூன்றாம் பக்கத்தில், ஒன்று முப்பத்தொன்றில், ஒன்று பதினேழில். மீன் தனி, பயிர் தனி, ஆள் தனி என்று பிரித்துவிட்டார். படித்தவர் பிரிக்கிற மாதிரி பிரித்திருக்கிறார். கடலில் மூழ்குகிறவள் எந்த அத்தியாயத்தைப் புரட்டுவாள்?

ஜூன் 7, சனி

சோறு அடிப்பிடித்தது. வேலை நிமித்தம்.

ஜூன் 12, வியாழன்

கிடைத்துவிட்டது. ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது கண் முன்னாலேயே தொங்கியிருக்கிறது.

காலையில் என் வீட்டுக்காரர் வாயில் பிரஷ்ஷோடு சுவர்ப் பக்கம் போனார். வேறொரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் இருக்கிறார், அவர்கள் போட்ட காலண்டர்தான் எங்கள் வீட்டிலும் தொங்குகிறது. நேற்றைய தாளைக் கிழித்தார், இன்றைய தாளை ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். மூன்று விநாடி இருக்கும். அந்த மூன்று விநாடியில் அவருக்குக் கிழமை தெரிந்தது, நல்ல நேரம் தெரிந்தது, அடுத்த விடுமுறைக்கு எத்தனை நாள் என்பதும் தெரிந்தது.

காலையில் எழுகிறவருக்கு ஒரே கேள்விதான்: இன்றைக்கு என்ன? தீவில் விழிக்கிறவருக்கும் அதே கேள்விதான். நூற்றுப் பன்னிரண்டு நாள், நூற்றுப் பன்னிரண்டு தாள். அன்றன்றைக்கு நட வேண்டியது, அன்றைக்குக் கடிக்கிற மீன், மூடியிருக்கும் கடை, நிலா, கடல் மட்டம் எல்லாம் ஒரே தாளில். விரலால் தள்ளினால் தாள் கிழிந்து அடுத்த நாள் வர வேண்டும்.

பதினேழு வருடம் நான் கற்ற வித்தையை அச்சகத்து வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது என் கூடவேதான் வந்திருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

ஏழு தாள் மாதிரி போட்டு அனுப்பினேன். ஹேமலதா வீடியோவில் வந்தாள். இருபத்தொன்பது வயது, கண்ணாடி, மேசை மேல் எப்போதும் ஒரு பூனை.

"யக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அப்படியே ஜவுளிக்கடை காலண்டர் மாதிரி இருக்கு."

அப்படி இருக்கத்தான் போட்டேன் என்றேன். சிரித்துவிட்டாள். தாள் யோசனைக்குச் சரி என்றாள், ஆனால் ஏழு வண்ணத்தை இரண்டாகக் குறைக்கச் சொன்னாள். மஞ்சள் பட்டையும் மயில் ஓரமும் எதற்கு என்று கேட்டாள். காலண்டருக்கு ஓரம் இல்லாவிட்டால் மொட்டைத் தலையாக இருக்கும் என்றேன். போனில் அந்த ஓரம் பாதித் திரையைத் தின்னுகிறது என்று அவள் காட்டினாள்.

அவள் சொன்னது சரிதான். மயிலை எடுத்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் வரை எனக்குக் கோபம் இருந்தது.

ஜூன் 21, சனி

இன்றோடு நாற்பது தாள். தாளின் தலையில் நாள், பெரிய எழுத்தில். அதன் கீழே "நல்ல நேரம்": மீன் எப்போது கடிக்கும், யார் எப்போது வீட்டில் இருப்பார். அதற்கும் கீழே "ஆகாத நேரம்": கடை அடைப்பு, புயல், அலை ஏறும் நேரம். அடியில் நிலாவும் கடல் மட்டமும் சின்னப் படமாக. கதை ரகசியம் எதுவானாலும் மடித்து வைத்த மூலைக்குள் போய்விடும், தொட்டால்தான் திறக்கும். தானே கண்டுபிடிக்க நினைக்கிறவரின் சந்தோஷத்தை நாம் கெடுக்கக் கூடாது.

நிலாவையும் கடலையும் பிரிட்டோ எழுதவில்லை. நானே நாள்தோறும் தீவில் போய் நின்று பார்த்துக் குறிக்கிறேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை முழுநிலா. பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை கடல் வெகுதூரம் வற்றி மணல்திட்டு தெரிகிறது. அதற்காகத்தான் தினமும் ஆட வேண்டியிருக்கிறது. ஆட்டுக்கு மகாராணி என்று பெயர் வைத்தேன். பெயர் வைக்காவிட்டால் கேம் அடுத்த கட்டத்துக்கு விட மாட்டேன் என்கிறது.

பெயர் வைக்காமல் தாண்டிப் போகவும் ஒரு பொத்தான் உண்டு என்று பிரிட்டோ சொல்கிறார். இருக்கட்டும்.

ஜூன் 30, திங்கள்

நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. நிலாவும் கடலும் ஓடுகிற சுற்று பிடிபட்டுவிட்டதால், நான் இன்னும் ஆடித் தொடாத நாட்களுக்கு அதைக் கணக்காகவே போட்டுவிட்டேன். மெய்ப்பைக் கடைசித் தாளிலிருந்து முதல் தாளுக்குப் பின்னோக்கிப் படித்தேன். முன்னோக்கிப் படித்தால் விஷயம் கண்ணை இழுத்துக்கொண்டு ஓடும், பிழை தெரியாது. அண்ணாச்சி அப்படித்தான் படிப்பார்.

இரண்டு தடவை பின்னோக்கிப் படித்தேன். ஒரு பிழையும் இல்லை.

ஜூலை 5, சனி

நேற்று கேம் வெளியானது, கூடவே எங்கள் வழிகாட்டியும். இங்கிலீஷில் ஏழெட்டு வழிகாட்டி வந்திருக்கின்றன, எல்லாம் பத்தி பத்தியாக நீளுகின்றன. எங்களுடையதை ஒரே நாளில் பதினோராயிரம் பேர் திறந்திருக்கிறார்கள். கைவிளக்கில் இதுவரை எதற்கும் இவ்வளவு கூட்டம் வந்ததில்லையாம். ஹேமலதாவின் குரலே மாறியிருந்தது.

பின்னூட்டங்களை உட்கார்ந்து படித்தேன். "இன்னைக்கு எனக்கு ஆகாத நேரம், கடலுக்குப் போகல, வீட்ல ஆட்டுக்குப் புல்லு வெட்டுறேன்" என்று ஒருவர். மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒரு பெண் நூற்றுப் பன்னிரண்டு தாளையும் அச்சடித்து, துளையிட்டு, சுவரில் தொங்கவிட்டுப் படம் அனுப்பியிருந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தீவில் நாள் முடிய முடிய நிஜமாகவே கிழித்திருக்கிறாள்.

வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஓரம் நேரா வெட்டல" என்றார். ஆனால் போனை அவர் சட்டென்று திருப்பித் தரவில்லை.

ஜூலை 9, புதன்

இருபத்தாறாயிரம்.

ஜூலை 11, வெள்ளி

மத்தியானம் மூன்று மணிக்கு என் தீவில் அறுபதாம் நாள் வந்தது. மூன்றாம் பருவம், நான்காம் நாள். என் தாளைப் பார்த்துக்கொண்டு நானே தெற்கு மணல்திட்டுக்குப் போனேன். கடல் வற்றிக் கிடந்தது, முழுநிலா. ஒரு மணிக்கு அது வந்தது. இரண்டு படகு அகலம் இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளி. சத்தமில்லாமல் மணலை ஒட்டி வந்து என் காலடியில் இறக்கையை விரித்துப் படுத்தது. நான் தொட்டேன். தூரத்தில் கலங்கரை விளக்கு எரிந்தது. நாற்பத்து நாலு வயதில், அடுப்பில் குழம்பு கொதிக்க, நான் அழுதேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் திரையின் மூலையைப் பார்த்தேன். ஐந்தாம் நாள், 1:00.

கேமின் கடிகாரம் நடுராத்திரி பன்னிரண்டுக்கே நாளை மாற்றிவிடுகிறது. நான் காலண்டர்க்காரி. பஞ்சாங்கக் கணக்கில் சூரியன் உதித்தால்தான் மறுநாள். நான்காம் நாள் இரவு ஒரு மணி என்று பிரிட்டோ சொன்னதும் நான்காம் தாளில் "இரவு 1:00" என்று போட்டேன். எனக்கு அது மலை போலத் தெளிவு. கடிகாரத்தைப் பார்க்கிறவருக்கு நான்காம் நாள் 1:00 என்பது அதற்கு முந்தின ராத்திரி. அவர் போய் நிற்பார், கடல் ஏறிக் கிடக்கும், ஒன்றும் வராது. மறுநாள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கிவிடுவார். அதோடு அவருக்கு ஒரு வருடம் போயிற்று.

இன்னும் யாரும் புகார் சொல்லவில்லை. வேகமாக ஆடுகிறவர்கள்தான் இதுவரை அந்த நாளைத் தொட்டிருப்பார்கள், அவர்கள் வழிகாட்டி பார்ப்பது குறைவு. மீதிப் பேர் இந்த இரண்டு மூன்று நாளில் வருவார்கள். ஹேமலதாவைக் கூப்பிட்டேன். அவள் பதறவில்லை.

"இப்பவே மாத்திருங்கக்கா. நாலு நிமிஷ வேலை. யாருக்கும் சொல்ல வேணாம், ரெண்டு பேர் கேட்டா அவங்க தப்பாப் படிச்சதா நெனச்சுக்குவாங்க."

அரைமணி நேரத்தில் பேசுகிறேன் என்று போனை வைத்தேன். இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை எழுதாமல் இதற்கு மேல் நகர முடியவில்லை.

ஆடி முகூர்த்தம் அண்ணாச்சி கண்ணுக்குத் தப்பிய பிழை மட்டுமில்லை. பழைய தாள் ஒன்றை எடுத்து மாற்றிப் போட்டபோது முகூர்த்தக் குறியை எடுக்க மறந்தது நான். அது கூடப் போகட்டும், மறதி யாருக்கும் வரும். அச்சாகி வந்த முதல் கட்டிலேயே நான் அதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றி அடித்திருக்கலாம். சொல்லவில்லை. நாலு நாள், பைண்டிங்கில் கட்டுக் கட்டாக அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே வந்து போய்க்கொண்டிருந்தேன். யார் ஆடி ஒன்பதைப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாற்பதாயிரமும் லாரியில் ஏறின. விசாரணை வந்தபோது, மெய்ப்புப் பார்த்தவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

எழுதிவிட்டேன்.

ஹேமலதாவைத் திரும்பக் கூப்பிட்டேன். மாற்றுகிறேன், ஆனால் எல்லாத் தாளுக்கும் மேலே, பெரிய எழுத்தில், என்ன பிழை, யார் செய்தது என்று போட்டுத்தான் மாற்றுவேன் என்றேன். கூட்டம் ஓடிவிடும் என்றாள். இரண்டு மாதச் சோதனையை நினைவூட்டினாள். நினைவு இருக்கிறது என்றேன். ரொம்ப நேரம் பூனையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, சரிக்கா, போடுங்க என்றாள்.

ஜூலை 12, சனி

போட்டாயிற்று. "மூன்றாம் பருவத் தாளில் வெள்ளித் திருக்கை வரும் நேரத்தைத் தவறாகக் கொடுத்தேன். பிழை என்னுடையது. மாரிக்கனி." ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு மேலே கடிகாரம் இன்றைய தேதி காட்டும், கீழே நாளைய தேதி காட்டும். நடுராத்திரிக் கோடு. இனி யாருக்கும் குழம்பாது.

ஏற்கெனவே தவறவிட்டவர்கள் முந்நூறு பேருக்கு மேல். வசவு வாங்கினேன், வண்டி வண்டியாக. 'சுறாப்பல்' என்ற பெயரில் ஒருவர் எழுதியது: "உங்க தாளை நம்பி நின்னேன். மறுபடி ஒரு வருஷம் ஆடணும். ஐம்பது மணி நேரம். காலண்டர் போடத் தெரியலேன்னா ஏன் போடுறீங்க?"

இவருக்கு எங்கேயோ சங்கதி தெரியும் போலிருக்கிறது என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். பிறகு சிரிப்பு வந்தது.

ஜூலை 14, திங்கள்

தவறவிட்டவர்களில் பாதிப் பேர் கேமை முதலிலிருந்து தொடங்கப் போகிறார்களாம். மனசு கேட்கவில்லை.

வேறொரு பின்னூட்டம் கண்ணில் பட்டது. வேகக்காரர் ஒருவர், வெளியான நாளிலிருந்து தூங்காமல் ஆடுகிறவர் போலும், இரண்டாம் வருடத்திலும் மூன்றாம் பருவத்தைத் தொட்டுவிட்டார். அங்கேயும் நான்காம் நாள் போய் நின்றாராம், திருக்கை வரவில்லையாம். கேமில் கோளாறு என்கிறார். பிரிட்டோ அதை மறுக்கிறார். அந்த ஆளும் எங்கள் பழைய தாளைப் பார்த்து ராத்திரி மாறி நின்றிருப்பார் என்கிறார்.

இருக்கலாம். ஆனால் எனக்கு மண்டைக்குள் குடைகிறது.

ஜூலை 16, புதன்

நூற்றுப் பன்னிரண்டு தாளையும் தரையில் பரப்பினேன். முழுநிலாத் தாளையெல்லாம் ஒரு வரிசை: பதினைந்து, முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. கடல் வற்றும் தாளையெல்லாம் அடுத்த வரிசை: பன்னிரண்டு, இருபத்து நாலு, முப்பத்தாறு, நாற்பத்தெட்டு, அறுபது. இரண்டு வரிசையும் ஒரே ஒரு தாளில் சந்திக்கின்றன, அறுபதில். திருக்கை வரும் தாள்.

அது தேதி பார்த்து வரவில்லை. நிலாவும் வற்றமும் கூடும் இரவு பார்த்து வருகிறது. நம் ஊர்ப் பண்டிகையெல்லாம் வருகிற மாதிரியே. தைப்பூசம் போன வருடத் தேதியிலேயே இந்த வருடமும் வருமா என்ன?

அப்படியானால் அடுத்த கூடல் நூற்று இருபதாம் இரவு. வருடம் நூற்றுப் பன்னிரண்டோடு முடிகிறது. மீதி எட்டு. இரண்டாம் வருடம், முதல் பருவம், எட்டாம் நாள் இரவு. தவறவிட்டவர்கள் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை, வருடம் பிறந்து எட்டே நாளில் அது திரும்ப வருகிறது. உலகத்தில் எந்த வழிகாட்டியிலும் இது இல்லை. ஏனென்றால் அந்த இரவு அந்த மணல்திட்டில் போய் நிற்க யாருக்கும் காரணமில்லை.

மத்தியானம் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது கால் வைக்க இடமில்லை. தாள்களைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சோற்றை அவரே போட்டுக்கொண்டார்.

ஜூலை 17, வியாழன்

ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. புது வருடம் பிறந்ததும் கேம் நிலாவையும் கடலையும் முதலிலிருந்து தொடங்கினால் என் கணக்கு குப்பை. முதல் வருடம் முதல் இரவு நிலா கிட்டத்தட்ட முழுசாக இருந்தது. பிரிட்டோவிடம் இரண்டாம் வருடப் பிறப்பு வாணவேடிக்கைப் படம் கேட்டேன். மூன்று அனுப்பினார். மூன்றிலும் வானத்தில் நிலாவே இல்லை. என் கணக்குப்படி அன்றைக்கு அமாவாசைதான். நிலா அறுபடாமல் ஓடுகிறது. கடல்? அதற்குச் சாட்சி இல்லை, புது வருடத்தில் அவர் தென்பக்கம் போகவே இல்லையாம். ஆடிப் பார்க்கலாம் என்றால் அவருடைய ஆட்டம் அந்த நாளை எப்போதோ தாண்டிவிட்டது. என் ஆட்டம் எழுபத்தேழாம் நாளில் ஆட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருக்கிறது.

ஹேமலதா, பிரிட்டோ, நான் மூவரும் பேசினோம். பிரிட்டோ யாரையாவது ஆடச்சொல்லிச் சரிபார்த்துவிட்டுப் போடலாம் என்றார். அதற்குள் எத்தனை பேர் முதலிலிருந்து தொடங்கிவிடுவார்கள் என்றேன். ஹேமலதா வெளிப்படையாகவே பேசினாள்.

"அக்கா, ஒரு தப்ப மன்னிச்சிருக்காங்க. இன்னொண்ணு தப்பாச்சுன்னா இந்தத் தளத்த யாரும் திறக்க மாட்டாங்க. என்னால உங்களையும் வச்சுக்க முடியாது."

"நடந்தப்புறம் சொல்றதுக்குப் பஞ்சாங்கம் எதுக்கும்மா?" என்றேன்.

பிறகு பிரிட்டோ, நான் யக்கா பக்கம் என்றார்.

ஜூலை 18, வெள்ளி

போட்டேன். நூற்றுப் பதின்மூன்றாவது தாள் முதல் நூற்று இருபதாவது தாள் வரை எட்டுப் புதுத் தாள். எட்டாவதில் நடுராத்திரிக் கோட்டுக்குக் கீழே: "1:00. தெற்கு மணல்திட்டு. வெள்ளித் திருக்கை வரும்." இதை இதுவரை யாரும் பார்த்ததில்லை, கணக்கு மட்டுமே என்பதையும் எழுதினேன். கீழே என் பெயர்.

சுறாப்பல்லிடமிருந்து பதில் வந்தது. அவர் முதலிலிருந்து தொடங்கவில்லையாம், கோபத்தில் அப்படியே ஆடிக்கொண்டே போய்விட்டாராம், ஞாயிற்றுக்கிழமை அந்த நாளைத் தொடுவாராம். "எல்லாரும் பாக்குற மாதிரி நேரலைல ஆடுறேன். சாயங்காலம் நாலு மணி. வரலேன்னா உங்க காலண்டரை லைவ்ல கிழிக்கிறேன்."

கிழிக்கத்தானே காலண்டர் என்று பதில் போட நினைத்தேன். போடவில்லை.

ஜூலை 19, சனி

அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். இப்போது ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு மெய்ப்புப் பார்க்கிறார். என் தாள் ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த பிறகு போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜெயித்துவிட்டுப் போய் மன்னிப்புக் கேட்பதற்கு என்ன மதிப்பு இருக்கிறது? அதனால் இன்றைக்கே போனேன்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

"எனக்குத் தெரியும்மா. அந்த நாலு நாளும் நீ டீ குடிக்கல. பதினேழு வருஷத்துல நீ டீ வேணாம்னு சொன்னது அந்த நாலு நாள்தான்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குறியைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்தானே என்றார். எனக்கு மன்னிப்பு என்ற சொல்லை அவர் தரவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் கிளம்பும்போது, அச்சகத்து முதலாளியிடம் போய் இதைச் சொல்லுவாயா என்று மட்டும் கேட்டார். திங்கட்கிழமை போகிறேன் என்றேன். தலையாட்டினார்.

ஜூலை 20, ஞாயிறு

நாலு மணி. வீட்டுக்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தனக்கு இந்த எழவெல்லாம் புரியாது என்று சொல்லிக்கொண்டே கண்ணாடி போட்டுக்கொண்டார். நேரலையில் ஆறாயிரம் பேர்.

சுறாப்பல் என்பவர் அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிற, முப்பது வயசு மதிக்கத்தக்க மனிதர். நான் யாரோ முரட்டு ஆள் என்று நினைத்திருந்தேன். சாதுவாக இருந்தார். ஏழாம் நாளிலிருந்து தொடங்கினார். எட்டாம் நாள் பொழுது சாய்ந்ததும் தென்பக்கம் நடந்தார். முழுநிலா எழுந்தது. சரி, நிலா வந்துவிட்டது. கடல்தான் இன்னும் கண்ணில் படவில்லை.

மேட்டைத் தாண்டினார். மணல்திட்டு தெரிந்தது. நீர் வெகுதூரத்துக்குப் பின்னால் போயிருந்தது.

"வத்திருச்சு" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு முன்னால் அவர்தான் சொன்னார்.

பன்னிரண்டு அடித்தது, தேதி ஒன்பதானது. பன்னிரண்டரை. ஒன்றும் இல்லை. பின்னூட்டத்தில் சிரிப்பு ஓட ஆரம்பித்தது. பன்னிரண்டு ஐம்பது. சுறாப்பல் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, சிரித்தவர்களையும் அவர் கண்டுகொள்ளவில்லை. 1:00.

தண்ணீருக்கு அடியில் வெள்ளையாக ஒரு கோடு. பிறகு இறக்கை. இரண்டு படகு அகலம். மணலை ஒட்டி வந்து அவர் காலடியில் விரித்துப் படுத்தது. பின்னூட்டம் ஓடிய வேகத்தில் ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. சுறாப்பல் கொஞ்ச நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு தொட்டார். விளக்கு எரிந்தது. அவர் கேமராவுக்கு நேராகத் திரும்பினார்.

"மாரிக்கனி அக்கா, நீங்க பாத்துக்கிட்டு இருந்தா... வந்துருச்சுக்கா."

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து நின்று இரண்டு கையையும் தட்டினேன், சின்னப் பிள்ளை மாதிரி. என் வீட்டுக்காரரும் தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று அவருக்குப் புரிந்துதான் இருந்தது.

ஜூலை 21, திங்கள்

காலையில் அச்சகத்துக்குப் போய் முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணாச்சிக்கு அவர் ஆள் அனுப்புவதாகச் சொன்னார். என்னையும் வரச் சொன்னார், புது வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் ஆடிப்பெருக்குக்குள் முடிய வேண்டுமாம், கை போதவில்லையாம். எனக்கு வேலை இருக்கிறது என்றேன். இதைச் சொல்லிவிட்டு அந்தப் படிக்கட்டில் இறங்கி வந்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்தால் போனில் நாற்பது செய்தி. ராத்திரிக்குள் முந்நூறு பேரில் இருநூற்றுச் சொச்சம் பேர் என் தாளைப் பார்த்து விளக்கை ஏற்றிவிட்டார்கள். இங்கிலீஷ் தளங்களும் எங்கள் தாளைக் காட்டி எழுதுகின்றன. புதுச்சேரியில் கேம் செய்த நாலு பேரும் ஹேமலதாவுக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டாம் கூடலை யாராவது கண்டுபிடிக்கக் குறைந்தது ஒரு வருடம் ஆகும் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டியிருந்தார்களாம். பதினேழே நாள்.

ஹேமலதா கூப்பிட்டாள். சோதனை முடிந்தது என்றாள், வேலை நிரந்தரம் என்றாள், இரண்டாம் வருடத்துக்கும் மூன்றாம் வருடத்துக்கும் தாள் வேண்டும் என்றாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கடைசியில், வழிகாட்டியின் தலைப்பில் பிரிட்டோ பெயருக்கு முன்னால் 'எழுதியவர்' என்று போட்டிருக்கிறோம், உங்கள் பெயருக்கு முன்னால் 'வடிவமைத்தவர்' என்று போடட்டுமா என்று கேட்டாள்.

பதினேழு வருடம் நான் போட்ட எந்தத் தாளிலும் என் பெயர் இருந்ததில்லை. ஒரே ஒருவர் பெயர்தான் வரும், பஞ்சாங்கக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவர் பெயர், அட்டைக்குப் பின்னால், பொடி எழுத்தில். எத்தனையோ தடவை அந்தப் பெயரை நானே கோத்திருக்கிறேன்.

"வடிவமைத்தவர் வேணாம்மா," என்றேன். "கணித்தவர் மாரிக்கனின்னு போடு. எழுத்து கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."